திரும்பி வரும் ஓட்டம்

பாப்பா,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "எம்பேரு வரலையேம்மா, ஒனக்கு வருத்தமா?" என்று கேட்டாய். நான் "சாப்பிட்டியா?" என்று திருப்பிக் கேட்டேன். நீ சிரித்துவிட்டு வைத்துவிட்டாய். அப்போது உன் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். உன் மாமா இனிப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். அந்த இரைச்சலில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இன்று உன் அப்பா திராட்சைக்கு மருந்தடிக்கத் தோட்டத்துக்குப் போய்விட்டார். வீடு காலியாக இருக்கிறது. உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெண்ணைப் பெற்றவர்கள் வேறு யார் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

வேகச் சாதனைக்காக நீ காரை ஓட்டிய அந்த முதல் ஓட்டத்தன்று நம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நீ நிற்கும் படத்தைப் போட்டு, 'பள்ளத்தாக்கின் புயலே' என்று ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். வைத்தவன் உன் மாமாதான். ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு தினமும் கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவன் என் தம்பி. உலகத்திலேயே வேகமான காரைத் தன் அக்கா மகள் ஓட்டப்போகிறாள் என்றதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பிற்பகலில் ஹால் நிறைந்துவிட்டது. உன் அப்பா போனை டிவியோடு இணைத்து நேரலையைப் போட்டார். இந்தச் சாதனை என்றால் என்ன என்று வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் விளக்கினேன். நீ எனக்குச் சொன்னதையே சொன்னேன். இது ராக்கெட் மாட்டிய வண்டி இல்லை. பணம் இருக்கிற எவரும் வாங்கி, நம்பர் பிளேட் மாட்டி ரோட்டில் ஓட்டக்கூடிய கார். அப்படி விற்கிற கார்களுக்குள் எது வேகம் என்பதுதான் போட்டி. ஒரு திசையில் மட்டும் ஓட்டினால் கணக்கில் சேராது. காற்று பின்னாலிருந்து தள்ளியிருக்கலாம், பாதை கொஞ்சம் சரிந்திருக்கலாம். அதனால் குறிப்பிட்ட நேரத்துக்குள் அதே பாதையில் எதிர்த்திசையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டின் சராசரிதான் சாதனை என்றேன்.

"அப்ப திரும்பி வாறதுதேன் கணக்கா?" என்று உன் மாமா சிரித்தான். "போனவளுக்கு வரத் தெரியாதாக்கும்?"

நீ என்னிடம் சொன்ன இன்னொன்றை நான் அவர்களிடம் சொல்லவில்லை. எஞ்சினைப் பற்றிக் கவலையில்லை, டயர்தான் பயம் என்றாய். அந்த வேகத்தில் சுற்றும்போது டயர் தன்னையே பிய்த்துக்கொண்டு வெளியே போகப் பார்க்கும் என்றாய். நீ அந்தக் கம்பெனியில் சேர்ந்ததே டயர் பிரிவில்தானே. பிறகுதான் சோதனை ஓட்டுநராக மாறினாய். அதனால் உனக்கு அது மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். அன்று திரையில் அந்த நீலக் கார் கிளம்பியதும் எனக்கு நான்கு சக்கரங்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் கோடு போட்டதுபோல நேரான ரோடு. திரையின் மூலையில் வேகத்தின் எண் ஏறிக்கொண்டே போனது. நானூறைத் தாண்டியதும் ஹாலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் எழவில்லை. இதுவரை யாரும் ஓட்டாத வேகம் என்று அறிவிப்பாளர் கத்தினார். உன் அப்பா பக்கத்திலிருந்தவரைக் கட்டிக்கொண்டார். எனக்கு அந்த எண் மறுபடி இறங்கத் தொடங்கியபோதுதான் மூச்சு வந்தது.

கார் மறுமுனையில் நின்றது. ஆட்கள் மடிக்கணினிகளோடு ஓடி வந்து சூழ்ந்தார்கள். திரும்பிக் கிளம்பும் என்று நாங்கள் காத்திருந்தோம். கிளம்பவில்லை. கதவு திறந்தது. நீ இறங்கினாய். ஹெல்மெட்டைக் கழற்றினாய். யாரோ உன்னிடம் குனிந்து பேசினார்கள், நீ மறுத்துத் தலையை ஆட்டினாய். இன்னொருவர் வந்தார், அவருக்கும் தலையை ஆட்டினாய். ஆங்கிலத்தில் அறிவிப்பாளர் வேகமாகச் சொன்னதை உன் சிநேகிதி ஸ்டெல்லாதான் எங்களுக்குச் சொன்னாள்.

"திரும்ப ஓட்ட மாட்டேங்கிறாளாம். ஸ்டியரிங்குல ஏதோ அதிர்வு தெரிஞ்சுச்சாம், டயரா இருக்குமோன்னு சொல்றாளாம். அவுக கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியாத்தேன் காட்டுதாம்."

அனுமதித்த நேரம் எங்கள் கண்ணெதிரே தீர்ந்தது. நீ காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். ஒருவரும் உன் அருகில் நிற்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நான் இங்கே உட்கார்ந்திருந்தேன்.

"ஏக்கா, என்னக்கா இது?" என்றான் உன் மாமா. "நான் வண்டி நெறையப் பொம்பளைகள ஏத்திக்கிட்டு மெட்டுல எறங்குறேன், பிரேக்கு புடிச்சும் புடிக்காமயும். ஆளே இல்லாத ரோட்டுல இவளுக்கு என்ன பயம்?" உன் அப்பா "கெடுத்துட்டாளே" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். அப்போதுதான் ஸ்டெல்லா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் எழுவதற்கு எப்போதும் கொஞ்சம் நேரம் ஆகும் என்று உனக்குத் தெரியும்.

"அன்னைக்கி இவ நிறுத்தியிருந்தா எங்காலு நேரா இருந்திருக்கும்," என்றாள். "இன்னைக்கி நிறுத்தியிருக்கா. அதுக்கு எதுக்கு எல்லாரும் எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீக?"

அவள் சொன்ன அந்த நாளைப் பற்றி நீயும் நானும் அதிகம் பேசியதில்லை. நீ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாய். உத்தமபாளையம் பக்கம் பைபாஸ் போட்டு முடித்து இன்னும் திறக்காமல் வைத்திருந்தார்கள். உன் அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு, ஸ்டெல்லாவைப் பின்னால் உட்காரவைத்து, அது எவ்வளவு வேகம் போகும் என்று பார்க்கக் கிளம்பினாய். போகும்போது ரோடு வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கடைசி வரை போய்த் திரும்புவதற்குள் யாரோ பாதி ரோட்டில் மக்காச்சோளத்தைக் கொட்டிக் காயப்போட்டுவிட்டார்கள். தூரத்திலேயே மஞ்சளாகத் தெரிந்தது என்று நீயே சொன்னாய். ஸ்டெல்லா பின்னாலிருந்து "நிறுத்துடி" என்று முதுகில் அடித்திருக்கிறாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று நீ நினைத்தாய். சிதறிக் கிடந்த சோளத்தில் சக்கரம் ஏறியதும் பைக் உன் பேச்சைக் கேட்கவில்லை. கம்பம் அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் அன்று நான் நர்ஸ் பணியில் இருந்தேன். ஆம்புலன்ஸ் கதவைத் திறந்தால் உன் முகம். ஸ்டெல்லாவின் சுடிதாரைக் கத்தரியால் வெட்டி அந்தக் காலைப் பார்த்தேன். நீ சுவரோரம் நின்றுகொண்டு, முழங்கை கிழிந்து ரத்தம் சொட்ட, யாரும் கேட்பதற்கு முன்பே "நான்தேன்ம்மா ஓட்டுனேன். நிறுத்துன்னு சொன்னா, நான்தேன் நிறுத்தல" என்றாய். ஸ்டெல்லாவின் அப்பா ராயப்பன்பட்டியிலிருந்து ஓடிவந்தபோதும் அதையேதான் சொன்னாய். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அவர் உன்னை அடிக்கக் கையை ஓங்கி, பிறகு இறக்கிக்கொண்டார். உன்மீது எனக்கு எவ்வளவு கோபம் இருந்ததோ அவ்வளவு மதிப்பும் அன்றுதான் வந்தது. அதை அப்போது சொல்லும் நிலையில் நான் இல்லை.

முதல் ஓட்டத்துக்குப் பிறகு நீ விடுப்பில் வீட்டுக்கு வந்தாயே, அந்த நாட்கள் எனக்கு அந்த ஓட்டத்தைவிடக் கடினமாக இருந்தன. நீ சாப்பிட்டாய், தூங்கினாய், கேட்டதற்குப் பதில் சொன்னாய். ஆனால் எதையாவது பிடிக்கும்போதெல்லாம், தண்ணீர்ச் செம்பாக இருந்தாலும் கதவுப் பிடியாக இருந்தாலும், ஒரு கணம் அந்த அதிர்வு தெரிந்த இடது கையை உற்றுப் பார்த்தாய். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. அந்த டயரை அறுத்துப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்ற செய்தி உன் போனுக்கு வந்த அன்று நீ சாயங்காலம் வரை திராட்சைப் பந்தலுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாய். பிறகு உன் மேலாளர் பேசினார். பேசி முடித்ததும் பந்தலுக்கடியிலேயே நின்று எங்கள் இருவரிடமும் சொன்னாய்.

"அடுத்த ஓட்டமும் எனக்கே தாறாகளாம். ஆனா அதுக்கு முன்னாடி கேமராவப் பாத்துச் சொல்லணுமாம். டயர்ல ஒரு கொறையும் இல்ல, நான்தேன் பதட்டத்துல எறங்கிட்டேன்னு."

உன் அப்பா குலையை மறைத்த இலைகளை ஒதுக்கிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டுத் திரும்பினார். "சொல்லிட்டுப் போத்தா. ஒரு வார்த்ததான. அறுத்துப் பாத்தும் ஒண்ணுமில்லன்னுதான சொல்லிட்டாக?"

"அவுகளுக்கு ஒண்ணும் கெடைக்கலப்பா. இருந்துச்சுன்னு என்னாலயும் காட்ட முடியல. ஆனா எங்கைக்குத் தெரிஞ்சுச்சு."

"வெறுங்கைய நீட்டிக்கிட்டு அம்புட்டுப் பெரிய கம்பெனிகூடச் சண்ட போடுவியா? இத்தன வருசமா நீ பட்ட பாடெல்லாம் எதுக்கு?"

நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்து கூடையை எடுத்துக்கொண்டேன். அன்று நான் வாய் திறக்காததற்குக் காரணம் உன் அப்பா சொன்னது சரி என்பதல்ல. 'மாட்டேன்' என்று சொல்லிவிடு என்று என் மனசு கத்திக்கொண்டிருந்தது. ஆனால் அது உண்மைக்காகக் கத்துகிறதா, இல்லை நீ மறுபடி அந்தக் காரில் ஏறாமல் இருந்தால் போதும் என்று கத்துகிறதா என்று எனக்கே தெரியவில்லை. என் பயத்தை உனக்குப் புத்திமதியாகக் கொடுக்க நான் விரும்பவில்லை. உன் பிழைப்பு, உன் பெயர் இரண்டும் அந்தப் பதிலில் தொங்கிக்கொண்டிருந்தன.

மதுரை விமான நிலையத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, ஆண்டிபட்டி கணவாயில் உன் அப்பா டீ குடிக்க இறங்கினார். காரில் நாம் இருவர் மட்டும். ஜன்னல் வழியாகக் காற்று அறைந்துகொண்டிருந்தது. நீ முன்சீட்டின் முதுகைப் பார்த்தபடியே கேட்டாய்.

"நீயும் நான் பயந்துட்டேன்னுதேன் நெனக்கிறியாம்மா?"

"பயந்திருக்கலாம். நானும் வார்டுல பயந்திருக்கேன். நாடி, பிரஷர் எல்லாம் சரியா இருக்குற ஆளப் பாத்து, என்னமோ சரியில்லன்னு தோணும். போயி டாக்டர எழுப்புவேன். அவரு வந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு போயிப் படுத்துக்குவாரு. அடுத்த தடவ தோணுனா, அடுத்த தடவயும் எழுப்புவேன்."

"திட்ட மாட்டாரா?"

"திட்டுவாரு. எந்திரிச்சும் வருவாரு."

நீ சிரிக்கவில்லை. உன் அப்பா டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவது தெரிந்தது. இனி நேரமில்லை என்பதால் சொல்லிவிட்டேன். "பயந்தேன்னு நீ சொன்னா அது பொய் இல்ல. டயர்ல ஒண்ணுமே தெரியலன்னு சொன்னாத்தேன் பொய். அவுக ரெண்டையும் ஒண்ணாக் கட்டிக் கேக்குறாக. அதப் பிரிச்சுப் பாத்துக்க. அதுக்குமேல நீ என்ன செஞ்சாலும் நான் ஒம்பக்கந்தேன்."

நீ தலையை ஆட்டினாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்துக் கையை அசைத்தாய், அவ்வளவுதான். வரும் வழியெல்லாம் உன் அப்பா "சொல்லிருவாள்ல? புத்திசாலிப் புள்ள, சொல்லிருவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நீ அவர்களிடம் என்ன சொன்னாய் என்பது பிறகு தெரிந்தது. "பயந்தேன். கையில் அதிர்வும் தெரிந்தது. இரண்டும் உண்மை" என்று சொல்லியிருக்கிறாய். ஸ்டியரிங் உன்னிடமிருந்து போய்விட்டது. உன்னோடு வேலை பார்க்கும் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். உன்னை மறுபடி டயர் பிரிவுக்கு மாற்றினார்கள். நீ ராஜினாமா செய்துவிடுவாய் என்று உன் அப்பா பயந்தார். நீ செய்யவில்லை. அந்த ஓட்டுநரே வந்து, "திரும்பி ஓட்டுவதற்கு முன்னால் டயர்களை இவள்தான் பார்க்க வேண்டும். இவள் சரி என்று சொன்னால்தான் கிளம்புவேன்" என்று கேட்டுக்கொண்டார் என்று போனில் சொன்னாய். சாதாரணமாகத்தான் சொன்னாய்.

நேற்றைய ஓட்டத்தைப் பார்க்க வீட்டில் கூட்டமில்லை. உன் அப்பா, நான், ஸ்டெல்லா மட்டும்தான். வரமாட்டேன் என்று சொல்லியிருந்த உன் மாமா, ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்து கதவோரம் நின்றான். போகும் ஓட்டம் நன்றாக முடிந்தது. எண் உன்னுடையதைவிடக் கொஞ்சம் குறைவுதான். உன் அப்பா அதைக் கவனித்தார். கார் மறுமுனையில் நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நீ வந்தாய். முதல் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டாய். கருவியை வைத்துப் பார்த்தாய், குனிந்து விளக்கடித்துப் பார்த்தாய். அடுத்த சக்கரம், அதற்கடுத்தது. நான்கையும் பார்த்து முடித்து எழுந்தாய். எல்லோரும் உன் முகத்தைப் பார்த்தார்கள். நீ மறுபடி முதல் சக்கரத்துக்கே போய் உட்கார்ந்தாய்.

"என்ன இம்புட்டு நேரம் பாக்குறா?" என்றார் உன் அப்பா. "நேரம் போகுதுல்ல."

"அவ பாக்கட்டும் மச்சான்," என்றான் உன் மாமா, கதவோரத்திலிருந்து.

உன் மேலாளர்போல இருந்த ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நீ நிமிரவில்லை. நீ அந்தக் காரை ஓட்டியபோது எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. நேற்று அந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தது இன்னொருத்தி பெற்ற பிள்ளை. அவளும் எங்கோ ஒரு திரைக்கு முன்னால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள், என் மகளின் தலையசைப்புக்காக. நீ வேண்டாம் என்றால் இரண்டாவது தடவையும் கெடுத்தவள் ஆவாய். சரி என்று சொல்லி அந்த டயர் வெடித்தால், அதற்குப் பிறகு உன்னை யாராலும் மீட்டுக்கொண்டுவர முடியாது, என்னாலும் முடியாது. நீ எழுந்து, ஜன்னலுக்குள் குனிந்து அந்த ஓட்டுநரிடம் ஏதோ சொன்னாய். அவர் உன்னையே பார்த்தார். நீ நிமிர்ந்து காரின் கூரையை உள்ளங்கையால் தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்தாய்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வருத்தம் இருக்கிறது, பாப்பா. சாதனைப் பட்டியலில் உன் பெயர் வந்திருந்தால் நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். அன்று நீ ஓட்டிய காரின் டயரில் உண்மையிலேயே ஏதாவது இருந்ததா என்று இனி யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. அந்தச் சந்தேகத்தோடுதான் நீ வாழவேண்டியிருக்கும். நான் அதை இல்லாமல் செய்ய முடியாது. ஆனால் ஒருவர் தன் உயிரை உன் வார்த்தைமேல் வைத்துக் கிளம்பிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். நீ அவர்கள் கேட்டதைக் கேமரா முன்னால் சொல்லியிருந்தால், உன் வார்த்தையை அவர் கேட்டிருக்க மாட்டார். நாளைக்கு அவர்கள் ஸ்டியரிங்கை மறுபடி உன்னிடம் கொடுப்பார்கள் என்று என் மனசு சொல்கிறது. கொடுத்தால் ஓட்டு. கையில் ஏதாவது தெரிந்தால் இறங்கிவிடு. யார் கடிகாரத்தைக் காட்டினாலும் இறங்கிவிடு. பயந்துவிட்டாள் என்று சொன்னால் ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடு.

திரும்பி வந்த ஓட்டத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. எண் ஏறுவதை உன் மாமா உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஸ்டெல்லா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள். எல்லோரும் கத்தியபோதுதான் சாதனை முடிந்துவிட்டது என்று தெரிந்தது. அந்த ஓட்டுநர் இறங்கினார், எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டார்கள், காகிதத் துண்டுகள் பறந்தன. அவர் தோள்களின் மேலிருந்தபடியே யாரையோ தேடினார். கேமரா திரும்பியபோது நான் உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். கூட்டத்துக்குப் பின்னால், புகை வந்துகொண்டிருந்த அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில், கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையை டயரின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நெடுநேரம் எடுக்கவே இல்லை.

அந்தச் சூட்டுக்குக் கையில் கொப்புளம் வந்திருக்கும். போனில் நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊசியால் குத்தி உடைத்துவிடாதே. குளிர்ந்த தண்ணீர் ஊற்று, சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்று. தானாக வற்றட்டும்.

அம்மா